பில்லில் ஐந்து சதம் இடிக்கிறதா? மென்பொருளை மாற்ற வேண்டாம்

கேள்வி: கொழும்பு கெய்சர் வீதியில் எழுதுபொருள் மொத்த வியாபாரம் செய்கிறேன். வற் (பெறுமதி சேர் வரி) பதிவு உண்டு. ஒரு கம்பனிக்குப் பத்து நிறத்தில் பேனை அனுப்பினோம். பில்லில் ஒவ்வொரு நிறமும் தனித்தனியாக 47.25 ரூபாய். எங்கள் மென்பொருள் வற் 85.10 என்று போட்டது. 85.05 தான் சரி என்று அவர்களுடைய கணக்குப் பிரிவு இன்வொய்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டது. மென்பொருளை விற்றவரோ, பழைய பதிப்பு என்பதால் வந்த பிழை, புதுசு வாங்காவிட்டால் இறைவரித் திணைக்களத்திடம் மாட்டிக்கொள்வீர்கள் என்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். உங்கள் மென்பொருளில் பிழை இல்லை. அவர்கள் கணக்கிலும் பிழை இல்லை.

47.25 ரூபாய்க்கு 18 வீதம் போட்டால் 8.505 வரும். அரைச் சதத்தை யாரும் எழுத முடியாது, எங்காவது முழுமையாக்கித்தான் ஆக வேண்டும். உங்கள் மென்பொருள் ஒவ்வொரு பொருளிலும் அதை 8.51 ஆக்கிவிட்டுப் பத்தையும் கூட்டுகிறது: 85.10. அவர்கள் முதலில் பொருள்களின் பெறுமதியைக் கூட்டி, 472.50க்கு ஒரே தடவை வரி போடுகிறார்கள்: 85.05. மூன்றாவது வழியும் உண்டு. சரிபாதியில் நிற்கும் எண்ணைப் பக்கத்திலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோகிற மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் ஒவ்வொன்றும் 8.50, மொத்தம் 85.00. ஒரே பேனை, ஒரே வீதம், மூன்று விடை.

மொத்தத்தில் ஒரே தடவை முழுமையாக்குவதைத்தான் நான் சொல்வேன். நீளமான பில்லில் வித்தியாசம் சேராது, வாங்குபவர் கல்குலேட்டரில் தட்டினாலும் அதே எண் வரும். அநேகமான மென்பொருள்களில் இதற்கு ஓர் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. விற்றவரிடம் "பொருளுக்குப் பொருள் முழுமையாக்குவதை நிறுத்தி, மொத்தத்தில் செய்யுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். சில நிமிட வேலை. அதற்குப் புதுப் பதிப்பு வேண்டும் என்றால் எந்த இடத்தில் வேண்டும் என்று காட்டச் சொல்லுங்கள்.

இந்த விற்பனையாளர்கள் விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு. 2019 டிசம்பரில் வற் 8 வீதமானது. 2022 ஜூனில் 12, அதே வருடம் செப்டம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. ஒவ்வொரு மாற்றத்திலும் வீதத்தை மாற்ற ஒரு கட்டணம், பில் வடிவத்தை மாற்ற இன்னொரு கட்டணம். வீதத்தை மாற்றுவதில் அரசுக்கு இருக்கிற அவசரம், அதை ஒரு சிறு கடை எப்படி நடைமுறைப்படுத்தும் என்று யோசிப்பதில் இல்லை. அந்த இடைவெளியில்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

காசை விடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அமைப்பை மாற்றும்போது பழைய இன்வொய்ஸ்களையும் "சரி செய்து தருகிறேன்" என்பார்கள். ஒருபோதும் விடாதீர்கள். வாடிக்கையாளர் கையில் 85.10 என்று அச்சிட்ட தாள் இருக்க, உங்கள் கணினியில் 85.05 என்று மாறிக் கிடந்தால், அதுதான் உண்மையான சிக்கல். முதலில் பிரதி எடுத்து வையுங்கள். புது வரிக் காலத்தின் (ஒரு வற் படிவத்துக்குரிய காலத்தின்) முதல் நாளிலிருந்து மட்டும் மாற்றுங்கள். நிர்வாகக் கடவுச்சொல்லை அவரிடம் விட்டு வைக்காதீர்கள்.

வரிக் காலம் முடிந்ததும் மொத்த விற்பனையை 18 வீதத்தால் பெருக்கிப் படிவத்தில் எழுதுகிற பழக்கமும் பலரிடம் இருக்கிறது. வேண்டாம். இன்வொய்ஸ்களில் நீங்கள் அச்சிட்ட வரியைக் கூட்டி எழுதுங்கள். நீங்கள் அறவிட்டது அதுதான்.

சில்லறைக்காகப் பில்லை முழு ரூபாயாக்குவதென்றால் வரியைத் தொடாமல் கடைசித் தொகையில் செய்யுங்கள். 557.55ஐ 558 ஆக்கினால் அந்த 45 சதம் தனிக் கணக்குக்குப் போகும், வற் 85.05 ஆகவே நிற்கும்.

சரி, ஓர் இடத்தில் மட்டும் இந்த முறையிலும் கவனம் வேண்டும். பொருள் திரும்பி வரும்போது. மொத்தத்தில் கணக்கிட்டு 85.05 வரி போட்ட பில் என்று வையுங்கள். முதலில் மூன்று பேனை திரும்புகிறது. 141.75க்கு வரி 25.515, அதாவது 25.52. அந்தத் தொகையைக் கழித்து கிரெடிட் நோட் (வரவுக் குறிப்பு) போடுகிறீர்கள். பிறகு மிச்சம் ஏழும் வருகிறது. 330.75க்கு வரி 59.535, அதாவது 59.54. இரண்டையும் கூட்டினால் 85.06. வாங்கிய வரியை விட ஒரு சதம் கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள்! அந்தப் பில் கணக்கில் மூடாமல் மறை (−) ஒரு சதத்தோடு தொங்கும், வருட முடிவில் கணக்காய்வாளர் அதைத் தேடிக்கொண்டிருப்பார். ஆகவே கடைசியாகத் திரும்பும் பகுதிக்கு வரியைப் பெருக்க வேண்டாம், கழியுங்கள். 85.05இல் 25.52 போனால் 59.53. மென்பொருள் 59.54 என்று காட்டினால் கையால் மாற்றுங்கள். பகுதி பகுதியாகத் திரும்பி முழுப் பில்லும் முடிகிற இடத்துக்கு மட்டும்தான் இது. மூன்று பேனையோடு நின்றுவிட்டால் 25.52 அப்படியே இருக்கட்டும்.

இப்போது திரும்பி வந்த இன்வொய்ஸ். அதைக் கிழித்துவிட்டு வேறு தொடரிலக்கத்தில் எழுதிக் கொடுக்காதீர்கள். அந்தக் கம்பனியின் கணக்குப் பிரிவுக்குப் போன் எடுத்து, உள்ளீட்டு வரியாக (வாங்கும்போது கொடுத்த வரியாக) அவர்கள் பதிய வேண்டியது வரி இன்வொய்ஸில் அச்சிட்டிருக்கும் 85.10ஐத்தான், தங்கள் கணினி பெருக்கிய எண்ணை அல்ல என்று சொல்லுங்கள். வரித் தொகையைக் கையால் திருத்தும் இடம் அவர்கள் மென்பொருளிலும் இருக்கும். அடுத்த வரிக் காலத்திலிருந்து உங்கள் பில்களில் வரி மொத்தத்தில் கணக்கிடப்படும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.