லண்டனுக்கு வந்திருக்கும் அமெரிக்க நடிகத் தம்பிக்கு

தம்பி, திருச்சியில் பிறந்து, சிறுவயதிலேயே நியூ ஜெர்சிக்குப் போய் அங்கேயே வளர்ந்து, இப்போது லண்டனில் நாடகப் படிப்பை முடித்திருக்கிறீர்கள். அமெரிக்க நடிகனுக்கு பிரிட்டனில் பிழைப்பு உண்டா, உச்சரிப்பை மாற்றிக்கொள்ள வேண்டுமா, விசா எப்படி, வாடகை எவ்வளவு, குளிர் தாங்குமா என்று ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள். விசாவுக்கு நல்ல வக்கீலாகப் பாருங்கள். கல்யாண வீட்டில் கிடைக்கும் விசா யோசனைகளை நம்பி வீணாய்ப் போனவர்கள் இங்கே நிறைய. குளிருக்கு ஒரு கோட்டு போதும். எனக்குப் பேச வேண்டியது உச்சரிப்பைப் பற்றித்தான்.

மாற்றவே மாற்றாதீர்கள்.

உங்களுக்கு முன்னால் இந்த ஊரில் ஒரு பரம்பரையே இருந்திருக்கிறது. எட் பிஷப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1932இல் புரூக்ளினில் பிறந்தவர், ஃபுல்பிரைட் உதவித்தொகையில் லண்டனின் லாம்டா நாடகப் பள்ளியில் படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டார். ‘கேப்டன் ஸ்கார்லெட்’ பொம்மைத் தொடரில் கேப்டன் புளூவின் குரல் அவருடையது. 1970இல் வந்த ‘யூஎஃப்ஓ’ தொடரில் வெள்ளிநிற விக் வைத்த கமாண்டர் ஸ்ட்ரேக்கரும் அவர்தான். பெயர் சொல்லும்படியான நாயக வேடம் அந்த ஒன்றுதான். மற்றபடி கட்டுப்பாட்டு அறையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நாலு வரி பேசும் அமெரிக்கர், அவ்வளவே. 1967இல் வந்த பாண்ட் படம் ‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’ தொடக்கத்தில் ஹவாயில் உட்கார்ந்து விண்கலத்தோடு பேசுவார். அதே காட்சியில் ஷேன் ரிம்மரும் இருப்பார், ‘தண்டர்பேர்ட்ஸ்’ என்ற இன்னொரு பொம்மைத் தொடரில் ஸ்காட் ட்ரேசிக்குக் குரல் கொடுத்தவர். போகிற படத்திலெல்லாம் ஒருவரையொருவர் பார்த்துப் பார்த்து, தங்களை ‘வாடகை யாங்கி’, அதாவது வாடகைக்குக் கிடைக்கும் அமெரிக்கர், என்று கேலியாகச் சொல்லிக்கொள்வார்களாம்.

இதில் ரிம்மர் அமெரிக்கரே இல்லை, டொராண்டோக்காரர். ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரில் வால்டார்ஃப் சாலட் எங்கே என்று சீறும் அமெரிக்க விருந்தாளியாக வந்த புரூஸ் போவாவும் கனடாவின் கால்கரியில் பிறந்தவர்தான். இங்குள்ளவர்களின் காது அவ்வளவுதான் பிரித்துப் பார்க்கும். நீங்கள் நியூ ஜெர்சியா நெப்ராஸ்காவா என்று யாரும் கேட்கப்போவதில்லை.

இவர்களுக்கு வேலை வந்த காரணம் திறமை மட்டும் அல்ல. கதை அமெரிக்கா, பணம் அமெரிக்கா, படப்பிடிப்பு மட்டும் லண்டன் பக்கத்து பைன்வுட், எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோக்களில். இரண்டு வரி வசனத்துக்கு லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஒருவரை வரவழைத்து ஓட்டலில் தங்கவைப்பதைவிட, லண்டனில் குடியிருப்பவரைக் கூப்பிடுவது மலிவு. போதாததற்கு, சினிமா டிக்கெட் பணத்தில் ஒரு பங்கை எடுத்து பிரிட்டிஷ் படங்களுக்குத் தரும் ஈடி வரி 1985 வரை இருந்தது. பிரிட்டிஷ் படம் என்று பெயர் வாங்க, சம்பளத்தில் பெரும்பகுதி பிரிட்டன், காமன்வெல்த் ஆட்களுக்குப் போயிருக்க வேண்டும். கனடாக்காரர்களுக்கு அது தோதாக இருந்திருக்கும்.

அந்தக் காலம் போய்விட்டது. இப்போதும் வரிச் சலுகை இருக்கிறது, ஸ்டுடியோக்கள் நிரம்பி வழிகின்றன. ஆனால் அமெரிக்கனாகப் பேச ஆங்கிலேயரே கற்றுக்கொண்டார்கள். ‘ஹவுஸ்’ தொடரில் ஹியூ லாரி, ‘தி வயர்’ தொடரில் இட்ரிஸ் எல்பா என்று அமெரிக்காவுக்கே போய் ஜெயித்தும் காட்டிவிட்டார்கள். இன்றைக்கு ஒரு ஷெரிஃப் வேடத்துக்கு உங்களோடு போட்டிக்கு வருபவர் டெக்சாஸ்காரராக இருக்கமாட்டார், லீட்ஸ்காரராக இருப்பார். அவரிடம் இல்லாத ஒன்று உங்களிடம் பிறவியிலேயே இருக்கிறது. அதையும் தேய்த்துவிட்டால் அப்புறம் எதைக் காட்டி வேலை கேட்பீர்கள்?

தேயும், தம்பி. கண்ணால் பார்த்திருக்கிறேன். எண்பதுகளில் பெட்ரோல் பங்கில் இரவு வேலை பார்த்துக்கொண்டே, சோஹோ பக்கம் ஒலிப்பதிவுக் கூடங்களில் கிடைத்த சின்னச் சின்னக் குரல் வேலைகளைச் செய்வேன். அங்கே ஒரு அமெரிக்கப் பெரியவர் வருவார். ஓஹையோக்காரர், இங்கே மணம் முடித்து நெடுங்காலம் ஆகியிருந்தது. ஒருநாள் காலை உணவு விளம்பரம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இளம் இயக்குநர் நாலைந்து தடவை பேசவைத்துவிட்டு, “கொஞ்சம் அமெரிக்கத்தனம் கூட்டுங்களேன், அமெரிக்கனாக நடிக்கிற ஆங்கிலேயர் மாதிரி இருக்கிறது” என்றார். பெரியவர் பேசவில்லை. தாளைத் திருப்பி வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். அடுத்த தடவை சொல்லின் கடைசியில் வரும் ‘ர்’ ஒலியை அழுத்தி உருட்டி முடித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் ஊரில் இருக்கும் அக்காவுக்கு டிரங்க் கால் போட ஆரம்பித்தாராம். அக்காவோடு பேசினால் நாக்கு திரும்பிவிடும், வேலைக்குப் போட்ட முதல் என்று வைத்துக்கொள்கிறேன் என்பார்.

அதனால் அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை போன் செய்யுங்கள், தமிழும் ஜெர்சி ஆங்கிலமும் கலந்து பேசுங்கள். வந்த ஆறே மாதத்தில் உச்சரிப்பை மாற்றி, ஈஸ்ட் ஹாம் காய்கறிக்கடையில் கறிவேப்பிலை கேட்கும்போதுகூட பிபிசி செய்தி வாசிப்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து மயங்காதீர்கள். அவர்கள்தான் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்கு உங்களைக் காசு தராமல் நாடகம் போடச் சொல்லிவிட்டு, சாப்பாட்டு வரிசையில் நின்று “சரி, வேலைக்கு என்ன பண்றீங்க?” என்று கேட்பவர்களும். நான் சிரித்துக்கொண்டே வடை எடுத்துக்கொள்வேன்.

மாற்றக்கூடாது என்றால் வேறொன்றும் கற்காமல் இருப்பது என்று அர்த்தமில்லை. வில்லியம் ஹூட்கின்ஸ் டல்லாஸில் பிறந்தவர், அவரும் லாம்டாவில் படித்தவர். ‘ஸ்டார் வார்ஸ்’ முதல் படத்தில் வெடித்துச் சிதறும் விமானி போர்கின்ஸ், 1989 ‘பேட்மேன்’ படத்தில் லஞ்சப் போலீஸ். எல்லாம் வந்து போகிற வேடம். ஆனால் 2003இல் லண்டன் ராயல் கோர்ட் நாடக அரங்கில் திரைப்பட இயக்குநர் ஹிட்ச்காக்காகவே நடித்தார். கிழக்கு லண்டன் லேட்டன்ஸ்டோனில் பிறந்த ஹிட்ச்காக்கை, ஒரு டெக்சாஸ்காரர், லண்டன்காரர்கள் முன்னால்! ‘மோபி டிக்’ நாவலை ஒலிப்புத்தகமாக முழுவதும் வாசித்ததும் அவரே. முகத்துக்கு வேலை இல்லாத மாதங்களில் குரல்தான் வாடகை கட்டும். கட்டாயம் ஒலிப்புத்தக வேலைக்கு முயலுங்கள்.

ஏஜென்ட் விஷயத்தில் கொஞ்சம் சூடாகவே சொல்கிறேன். சேர்த்துக்கொள்ள முன்பணம் கேட்பவரிடம் நிற்காதீர்கள். ஏஜென்ட் என்பவர் நீங்கள் சம்பாதித்ததில் பங்கு எடுப்பவர், சம்பாதிப்பதற்கு முன்னால் எடுப்பவர் அல்ல. எனக்கு வாய்த்த ஒருவர் மூன்று வேலைக்கான என் சம்பளத்தோடு ஒரு வெள்ளிக்கிழமை கடையைச் சாத்திவிட்டுப் போனார். ஈக்விட்டி என்ற நடிகர் சங்கத்தில் சேருங்கள், ஒப்பந்தத்தை அவர்களிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மறு ஒளிபரப்புக்குப் பணம் உண்டா, ஒரே தொகையில் முடித்துக்கொள்கிறார்களா என்பதை முதலில் பாருங்கள்.

வாடகைக்கு உங்கள் வகுப்புத் தோழர்களைக் கேளுங்கள். டூட்டிங்கில் மீட்டரில் ஐம்பது பென்ஸ் போட்டால்தான் ஹீட்டர் எரியும் அறையில் இருந்தவன் நான், அன்று கொடுத்த வாடகையைச் சொன்னால் சிரிப்பீர்கள்.