அத்தை உயில் எழுதாமல் இறந்துவிட்டார், நாமினி நான்தான். அவருடைய பொருள்கள் எல்லாம் எனக்குத்தானே?

உங்கள் அத்தைக்குப் பிள்ளை இல்லை, கணவர் முன்பே காலமாகிவிட்டார், கடைசி ஏழெட்டு வருடம் நீங்கள்தான் வைத்துப் பார்த்தீர்கள், வங்கியில் நாமினியும் நீங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். 2019இல் எங்கள் வீட்டில் நடந்ததும் கிட்டத்தட்ட இதேதான். நான் வக்கீல் இல்லை. பட்டதைச் சொல்கிறேன்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: இல்லை. கஞ்சி ஊற்றியது யார் என்று சட்டம் கேட்காது. அந்தப் பொருள் செத்தவர் கைக்கு எந்த வழியில் வந்தது என்று மட்டும் கேட்கும்.

என் பெரியம்மா, அம்மாவின் அக்கா, இருபத்து நாலு வயதில் தாலி அறுத்தவர். புகுந்த வீடு திருமங்கலம் பக்கம். பெரியப்பா போன மூணாம் மாதமே வாடிப்பட்டிக்குத் திரும்பி வந்துவிட்டார். அதற்கப்புறம் முப்பது வருடத்துக்கு மேல் பூதான். விடியும் முன்னே மதுரை பூ மார்க்கெட்டுக்குப் போய் உதிரி மல்லி எடுத்து வந்து, நாரில் கட்டி, முழம் போட்டு விற்பார். முகூர்த்த மாதத்தில் விரல் நுனியெல்லாம் நாரறுத்த கோடாக இருக்கும். அப்படிச் சேர்த்தது வங்கியில் 3,40,000 ரூபாய் டெபாசிட், ஒன்பது பவுன். அதில் ஐந்து பவுன் அடகில். போக ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல், ஒரு பீரோ, பித்தளைச் சாமான், தாத்தா வழியில் பாகமாக வந்த ஓட்டு வீட்டின் முன்பகுதி.

"எல்லாம் உனக்குத்தேன்டீ" என்று என்னிடம் நூறு தடவை சொல்லியிருப்பார், தெருவே கேட்கும்படி. வாயால் சொன்ன உயில் செல்லாது. போர்க்களத்தில் இருக்கிற சிப்பாய் மாதிரி சிலருக்கு மட்டும்தான் அந்தச் சலுகை, பூக்காரிக்குக் கிடையாது.

இறந்து ஒரு மாதத்தில் நாமினி என்று வங்கி பணத்தை என் கணக்கில் போட்டுவிட்டது. கதை முடிந்தது என்று நினைத்தோம். மூன்றாவது மாதம் பெரியப்பாவின் தம்பி மகனிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. அவனை நான் பார்த்ததுகூட இல்லை. முறைக்கு எனக்குத் தம்பி!

எங்கள் வக்கீல் நோட்டீஸைப் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை, அதிலேயே பாதி புரிந்துவிட்டது. நாமினி என்பவர் வாங்கி வைத்திருந்து உரியவரிடம் ஒப்படைக்க வேண்டியவர், அவ்வளவுதான் என்றார். வங்கி தன் பொறுப்பைக் கழித்துக்கொள்ள ஒரு கை வேண்டும். அந்தக் கை நான். (இன்சூரன்ஸில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம். அத்தை மகள், தங்கை மகள் எல்லாம் அதில் வரமாட்டார்கள்.)

பிறகு அவர் 1956ஆம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவை எடுத்துக் காட்டினார். ஒரு பெண் உயில் எழுதாமல் இறந்தால் முதலில் பிள்ளைகளும் கணவரும். அவர்கள் யாரும் இல்லையென்றால் அடுத்தபடி கணவரின் வாரிசுகள். பெற்ற தாய் தகப்பனே அவர்களுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். கூடப் பிறந்தவர்கள் இன்னும் பின்னால். ஆக, பெரியம்மா கட்டிய பூவின் காசும், அந்தக் காசில் வாங்கிய நகையும், வண்டியும், பாத்திரமும் முப்பது வருடமாக எட்டிப் பார்க்காத கொழுந்தனாருக்கும் நாத்தனாருக்கும் சரிபாதி. கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டில் போட்ட நகை இருந்திருந்தால் அதுவும் அந்தப் பக்கம்தான் போயிருக்கும்.

ஆனால் வீடு எங்கள் பக்கம் வந்தது. தாய் தகப்பனிடமிருந்து வாரிசாகப் பெற்ற சொத்து, பிள்ளை இல்லாத பெண் இறந்தால், தகப்பனின் வாரிசுகளுக்கே திரும்பும் என்று அதே பிரிவில் விலக்கு இருக்கிறது. அதனால் அம்மாவுக்கும் மாமாவுக்கும் பாதிப் பாதி. ஒரே பொம்பளையின் சொத்து, வாசல் ஒரு திசையில், பீரோ ஒரு திசையில். எனக்கோ எந்தத் திசையிலும் கால் காசு கிடையாது. அம்மா உயிரோடு இருக்கும்வரை நான் வரிசையிலேயே இல்லை.

அநியாயம் என்று அம்மா கத்தியது எதிர்வீடு வரை கேட்டது. உச்ச நீதிமன்றம் வரை போனவர்களுக்கும் இதே பதில்தான். கல்யாணமாகி மூன்றே மாதத்தில் விதவையாகி, புகுந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்டு, பிறந்த வீட்டில் படித்து வேலைக்குப் போய்ச் சம்பாதித்த ஒரு பெண்ணின் பணம், கணவரின் அக்கா தங்கை பிள்ளைகளுக்குத்தான் என்று 2009இல் தீர்ப்பு. இரக்கத்தை வைத்துச் சட்டத்தை வளைக்க முடியாது என்றார்கள். வளைக்க வேண்டாம், மாற்றலாமே என்பது என் கட்சி. ஆண் இறந்தால் மனைவியின் உறவுக்காரர்கள் யாரும் வரிசையில் வந்து நிற்பதில்லை.

ஆண்கள் விஷயத்தில் எங்கள் பக்கம் எல்லோரும் மறக்கிற ஓர் ஆள் உண்டு: இறந்தவரின் அம்மா. மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சம பங்கு. மனைவியும் பிள்ளைகளும் பேரை மாற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பத்து வருடம் கழித்து அந்தக் கிழவியின் பங்கைக் கேட்டு அவருடைய மற்ற பிள்ளைகள் வந்து நிற்பார்கள். அப்பாவுக்கு அந்த முதல் வரிசையில் இடமில்லை. இதெல்லாம் இந்துக்களுக்கு. கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் வருடத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மீதி. முஸ்லிம்களுக்கு ஷரியத் பங்கீடு.

அலைச்சலையும் சொல்லிவிடுகிறேன். தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்றிதழ் கேட்டுப் போனபோது, நேரடி வாரிசு இல்லாதவர்களுக்குக் கொடுக்க முடியாது, கோர்ட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கோர்ட்டில் வாங்குகிற சக்சஷன் சர்டிஃபிகேட் வேறு. அது டெபாசிட், வரவேண்டிய கடன், பங்குப் பத்திரம் மாதிரியானவற்றுக்கு மட்டும். மனைக்கும் வீட்டுக்கும் உதவாது. வண்டி இருந்தால் அதைத் தள்ளிப் போடாதீர்கள்: முப்பது நாளுக்குள் ஆர்டிஓ ஆபீஸில் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் பேர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் எக்ஸ்எல் ஒரு வருடம் திண்ணையில் நின்று டயர் போனது.

கடைசியில் வழக்குப் போடவில்லை. வக்கீல் முன்னாலேயே இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். சாவுச் செலவு எல்லாவற்றுக்கும் முன்னால் கழிய வேண்டியது என்பதால் 58,000 ரூபாய்க்கான ரசீதுகளை வைத்தேன். அடகுக் கடனும் நகையிலேயே கழிந்தது. செத்தவர் கடன் அவர் விட்டுப்போன சொத்து அளவுக்குத்தான் நம்மைப் பிடிக்கும், அதற்கு மேல் நம் கைக்காசைக் கொடுக்கத் தேவையில்லை. மீதி 2,82,000 ரூபாய். சித்தப்பா (பெரியப்பாவின் தம்பி) தன் பாதி 1,41,000 ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் வாங்கியது அவருடையது. அத்தை (பெரியம்மாவின் நாத்தனார்) பித்தளை அண்டாவை மட்டும் கேட்டார். "அது எங்கம்மா அண்டா. அவ போகும்போது தூக்கிட்டுப் போயிட்டா" என்றார். பணத்தில் தன் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அண்டாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்.

இதெல்லாம் இல்லாமல் போக ஒரு வெள்ளைத் தாளில் உயில் எழுதினால் போதும். முத்திரைத் தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. எழுதுகிறவர் கையெழுத்து, அதைப் பார்த்து இரண்டு சாட்சி கையெழுத்து. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே இந்துப் பெண்களைப் பார்த்து உயில் எழுதி வையுங்கள் என்று கேட்டுக்கொண்டது.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது, வங்கிப் பணத்தைத் தொடாமல் தனியாக வைப்பது. பிறகு ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே அது அத்தைக்கு எப்படி வந்தது என்று எழுதுங்கள். வீட்டை உங்கள் தாத்தா தானமாக எழுதிக் கொடுத்திருந்தால் கணக்கு மாறும்; அந்த விலக்கு வாரிசாகப் பெற்றதற்குத்தான். பத்திரத்தோடு வக்கீலைப் பாருங்கள்.

கைமாத்துக் கணக்கு எந்தத் தாளிலும் இருக்காது. பெரியம்மாவின் கருமாதியன்று பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற ஒருவர் வந்து, அக்காவிடம் வாங்கியது என்று 5,000 ரூபாயை அம்மா கையில் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் போனார். அதைப் பங்குக் கணக்கில் சேர்க்கலாமா என்று அன்று யாரும் கேட்கவில்லை.