ஒரே கம்பெனி செட்டா, கலந்து வாங்கலாமா?

பழைய வண்ணாரப்பேட்டையில் ஆம்ப்ளிஃபையர் சர்வீஸ் செய்கிறவரிடம் சுற்றுவட்டாரத்து ஆட்கள் கேட்ட கேள்விகளும் அவருடைய பதில்களும்.

கொளத்தூர்: அண்ணே, போனஸில் 40,000 ரூபாய் செட்டுக்கு ஒதுக்கியிருக்கிறேன். ஆம்ப், ஸ்பீக்கர், பிளேயர் மூன்றும் ஒரே கம்பெனியில் வாங்கினால்தான் ஒத்துப்போகும் என்கிறார் கடைக்காரர். உண்மையா?

இல்லை தம்பி. ஸ்பீக்கர் பெட்டியில் யார் பெயர் ஒட்டியிருக்கிறது என்பது ஆம்ப்புக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஓம் கணக்கு, அதாவது ஸ்பீக்கர் கரண்டுக்குக் காட்டும் தடை, மட்டும்தான். பெட்டியின் பின்னால் 8 ஓம் என்று இருந்தால் வீட்டு ஆம்ப் எல்லாமே ஓட்டும். 4 ஓம் என்றால், ஆம்ப்பின் பின்பக்கம் 4 ஓமுக்கு அனுமதி அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். பிளேயர் பக்கம் இன்னும் சுலபம். சி.டி. பிளேயரிலிருந்து சுமார் 2 வோல்ட் வரும், சிவப்பு வெள்ளை சாக்கெட்டில் எந்த ஆம்ப்பும் அதை வாங்கிக்கொள்ளும்.

பணத்தைப் பிரிக்கும்போது பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்குப் போகட்டும். உருப்படியான இரண்டு ஆம்ப்புகளுக்கு நடுவில் காதுக்குத் தெரிகிற வித்தியாசம் கொஞ்சம்தான். இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவில் அது மலையளவு. கடைக்குப் போகும்போது நன்றாகப் பழகிய இரண்டு பாட்டைப் போனில் எடுத்துப்போங்கள். அவர்கள் போடும் டெமோவில் எல்லா ஸ்பீக்கரும் நன்றாகத்தான் கேட்கும்.

ஒன்றாகவே இருக்க வேண்டியவை இரண்டு. இடது, வலது ஸ்பீக்கர் ஒரே மாடலாக இருக்க வேண்டும், இதில் பேச்சே இல்லை. பிற்காலத்தில் சினிமா பார்க்க 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) ஆக்குவதாக இருந்தால் நடு ஸ்பீக்கரும் அதே சீரிஸில் வேண்டும். இல்லாவிட்டால் வசனம் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் நகரும்போது குரலே மாறும். பேஸுக்கு மட்டுமான சப்வூஃபர் எந்தக் கம்பெனியானாலும் சரி. மற்றபடி ஒரே கம்பெனி செட்டில் கிடைக்கிற லாபம் ஒரே ரிமோட்டும், ஷெல்ஃபில் அடுக்கினால் வரும் அழகும்தான். கடைக்காரரையும் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு வியாபாரம்.

வியாசர்பாடி: 4440 போர்டில் அசெம்பிள் பண்ணிய ஆம்ப் வைத்திருக்கிறேன். அதற்குப் பெரிய கம்பெனி ஸ்பீக்கர் வாங்கினால் வீணா?

வீண் இல்லை, ஆனால் ஸ்பீக்கரைப் பார்த்து எடுக்க வேண்டும். 4440 என்பது ஆம்ப் ஐ.சி., ஸ்டீரியோவில் அது கொடுப்பது ஒரு பக்கத்துக்கு 6 வாட் சுமார். இதைக் கேட்டால் எல்லோருக்கும் முகம் சுண்டிவிடுகிறது. 10-க்கு 10 அறைக்கு 6 வாட் தாராளம், ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி நன்றாக இருந்தால்.

அந்த எண் டெசிபலில் இருக்கும். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எவ்வளவு சத்தம் என்பதுதான் அது. 3 டெசிபல் கூட்ட வேண்டுமானால் ஆம்ப் இரண்டு மடங்கு வாட் கொடுக்க வேண்டும். ஆக 90 டெசிபல் ஸ்பீக்கரில் 6 வாட்டுக்கு வருகிற சத்தம், 84 டெசிபல் ஸ்பீக்கரில் வர 24 வாட் வேண்டும். இப்போது வருகிற ஒல்லியான அழகுப் பெட்டிகளில் பல அந்த 84, 85 பக்கம்தான் நிற்கின்றன. உங்களுக்கு 90-க்கு மேல் பார்த்து வாங்குங்கள்.

சின்ன ஆம்ப்பைக் கடைசி வரை திருகி வைத்தால் சத்தம் கிழியும், அப்படியே விட்டால் முதலில் போவது ட்வீட்டர், ட்ரெபிள் தருகிற சின்ன ஸ்பீக்கர். ‘ஆம்ப் சின்னதுதானே, ஸ்பீக்கர் எப்படிப் போச்சு’ என்று கடைக்கு வருபவர்கள் நிறைய. அப்புறம், அட்டைப்பெட்டியில் பி.எம்.பி.ஓ. (விளம்பரத்துக்கான உச்ச வாட் கணக்கு) என்று ஆயிரக்கணக்கில் போட்டிருப்பதைப் படிக்கவே படிக்காதீர்கள். ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து கொடுக்கிற வாட், எவ்வளவு என்று கேளுங்கள்.

திருவொற்றியூர்: அந்தக் காலத்தில் பர்மா பஜாரில் வாங்கிய மினி செட். டெக் போய்விட்டது, பெட்டிகள் நன்றாக இருக்கின்றன. புது ஆம்ப்பில் மாட்டலாமா?

பெட்டியிலிருந்து எத்தனை வயர் வெளியே வருகிறது என்று முதலில் பாருங்கள். இரண்டு என்றால் பயமில்லை. பெரும்பாலும் 6 ஓமாக இருக்கும், ஆம்ப்பில் அது எழுதியிருந்தால் மாட்டுங்கள். நான்கு வயர் வந்தால் வூஃபருக்கும் (பேஸ் தருகிற பெரிய ஸ்பீக்கர்) ட்வீட்டருக்கும் தனித்தனி லைன். சில செட்டில் பேஸையும் ட்ரெபிளையும் பிரிக்கிற வேலை ஆம்ப்புக்குள்ளேயே நடந்திருக்கும், பெட்டிக்குள் ஒன்றும் இருக்காது. அந்த ட்வீட்டரை நேராக ஆம்ப்பில் கொடுத்தால் கதை முடிந்தது. திறந்து பார்த்துவிட்டு, அப்படிப் பிரிக்கிற கிராஸ்ஓவர் சர்க்யூட் போட்டுக்கொள்ள வேண்டும்.

மல்டிமீட்டரில் வைத்தால் 8 ஓம் ஸ்பீக்கர் 6, 7 என்றுதான் காட்டும். அது பழுது இல்லை. இன்னொன்று, சில மினி செட் ஆம்ப்புகள் தங்கள் சின்னப் பெட்டிக்காகவே பேஸைத் தூக்கிக் கொடுக்கும். புது ஆம்ப்பில் பேஸ் குறைந்தது போல இருந்தால் இதுதான் காரணம். உண்மையிலேயே ‘செட்’ என்று சொல்லத்தக்கது இந்த ஒரு வகைதான்.

பெரம்பூர்: அப்பா ஐ.சி.எஃப்.-இல் வேலையில் இருந்தபோது வாங்கிய ரெக்கார்ட் பிளேயர். புது ஆம்ப்பில் ஆக்ஸ் சாக்கெட்டில் கொடுத்தால் சத்தம் ரொம்பச் சன்னமாக, கீச்சென்று வருகிறது.

முள்ளுக்குப் பின்னால் இருப்பது மேக்னெடிக் கார்ட்ரிட்ஜ் என்று இதிலிருந்தே தெரிகிறது. அது தருவது 5 மில்லிவோல்ட் சுமார், சி.டி. தருவதில் 400-இல் ஒரு பங்கு. தவிர, இசைத்தட்டில் பதியும்போதே பேஸைக் குறைத்து ட்ரெபிளை ஏற்றித்தான் வெட்டுவார்கள். 1954-இல் அமெரிக்காவில் ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற இசைத்தட்டுக் கம்பெனிகளின் சங்கம் இதற்கு ஒரு பொது அளவு வைத்தது. அதைத் திருப்பிச் சமன் செய்வது ஃபோனோ ஸ்டேஜின் வேலை. ஆம்ப்பில் ஃபோனோ சாக்கெட் இல்லாவிட்டால் தனியாக ஒரு ஃபோனோ ப்ரீஆம்ப் வாங்குங்கள், எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி. பிளேயரிலிருந்து தனியாகத் தொங்குகிற மெல்லிய வயரை ஆம்ப்பின் கிரவுண்ட் திருகில் கட்டாவிட்டால் ‘ம்ம்ம்’ என்று ஹம் வரும். அதற்காக மெயின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிட்டு வருகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

ராயபுரம்: கப்பலில் வேலை செய்கிற மச்சான் ஜப்பானிலிருந்து நல்ல ஆம்ப் கொண்டுவந்திருக்கிறார். இங்கே வாங்கிய ஸ்பீக்கர் அதற்குச் சேருமா?

ஸ்பீக்கர் சேரும். கரண்ட்தான் சேராது. ஜப்பான் வீட்டு லைன் 100 வோல்ட், நம்முடையது 230. பிளக்கைச் சொருகுவதற்கு முன் பின்பக்கம் பாருங்கள். 100 என்று மட்டும் இருந்தால் 230-ஐ 100 ஆக இறக்குகிற ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். அங்கே ஆம்ப் எடுக்கிற கரண்ட் 200 வாட் என்று இருந்தால் டிரான்ஸ்பார்மரை 300 வாட்டாக வாங்குங்கள். அமெரிக்க செட்டுக்கான 110-ஐக் கொடுத்து ‘எல்லாம் ஒன்றுதான்’ என்பார்கள், ஒன்று இல்லை.

தண்டையார்பேட்டை: ஹாலில் ஒரு ஜோடி, உள் ரூமில் ஒரு ஜோடி. ஒரே ஆம்ப்பில் நாலும் ஓடுமா?

8 ஓம் இரண்டைப் பேரலலாக (இரண்டையும் ஒரே முனைகளில்) கொடுத்தால் ஆம்ப்புக்கு அது 4 ஓம். 4-க்கு அனுமதி இருந்தால் ஓடும். ஏ, பி ஸ்விட்ச் இருந்தால் ஒரு நேரத்தில் ஒரு ஜோடியை மட்டும் போடுங்கள், ஆம்ப் சூடாகாது. பக்கத்து வீட்டுச் சுவரும் உங்கள் சுவரும் ஒன்றாக இருந்தால் பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வைக்கவும். பேஸும் தெளியும், சண்டையும் குறையும்.

காசிமேடு: வால்யூம் திருகினால் கரகர, ஒரு பக்கம் அடிக்கடி கட். ஆம்ப்பை மாற்றவா?

கடல் காற்று. மாற்ற வேண்டாம். ஸ்பீக்கர் வயரின் நுனி பச்சை பிடித்திருக்கும், ஒரு அங்குலம் வெட்டிப் புதிதாக உரித்து மாட்டுங்கள். வால்யூமுக்கு காண்டாக்ட் கிளீனர் அடிக்க வேண்டும், செட்டை ஆஃப் செய்து பிளக்கை எடுத்துவிட்டு. தேங்காய் எண்ணெய் விட்டு எடுத்துவந்த செட் ஒன்று இப்போதும் என் மேஜையில் கிடக்கிறது.

எண்ணூர்: ஸ்பீக்கர் வயர் மீட்டர் 600 ரூபாய் சொல்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. 5 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போதும். போக வர 10 மீட்டருக்கு அதன் தடை சுமார் 0.12 ஓம், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒன்றுமே இல்லை. பிளஸ், மைனஸ் இரண்டு பக்கமும் மாறாமல் மாட்டுங்கள். ஒரு பெட்டியில் மட்டும் மாறினால் பேஸ் காணாமல் போய்விடும்.