மூச்சு போய்விட்டதா?

மதிப்பிற்குரிய ஐயா,

ஸ்லோடைவ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 2023 ஆல்பத்தைக் கேட்டேன். 1993இல் வெளிவந்த அவர்களின் ‘சூவ்லாக்கி’ ஆல்பம் தந்த மயக்கம் இதில் இல்லை, குரல்கள் தணிந்துவிட்டன. பழைய குழுக்கள் திரும்பி வருவது பழைய பெயரை விற்பதற்குத்தானே? இசைத்தட்டில் கேட்டால் வேறாக இருக்குமா?

ஒரு வாசகர், திருப்பரங்குன்றம்

அன்புள்ள நண்பருக்கு,

இசைத்தட்டா கைபேசியா என்பதை விட்டுவிடுவோம். பெயரை விற்கிறார்கள் என்கிறீர்களே, விற்பதற்கு அவர்களிடம் என்ன பெயர் இருந்தது? 1989இல் ரெடிங் நகரில் தொடங்கிய அந்தக் குழுவை, மேடையில் காலடியிலிருக்கும் கிதார் பெடல்களையே பார்த்து வாசிப்பவர்கள் என்று பிரிட்டிஷ் இசைப் பத்திரிகைகள் கேலி செய்தன; 1995இல் மூன்றாவது ஆல்பம் வந்த கையோடு இசைத்தட்டு நிறுவனமும் கைவிட்டது. நான்காவது வர 22 ஆண்டுகள் ஆயின; நீங்கள் கேட்டது அதற்கும் அடுத்தது. இதையெல்லாம் அறியாமல் தீர்ப்பு எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

சோழவந்தானில் எங்கள் தெருவில் ஒரு நாதஸ்வரக்காரர் இருந்தார். மனைவி இறந்தபின் வாத்தியத்தை உறையிலிட்டுவிட்டு, ஒன்பது ஆண்டுகள் வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை பார்த்தார். பிறகு ஒரு வைகாசியில், ஜெனகை மாரியம்மன் திருவிழாவில், யாரும் அழைக்காமலே வந்து தோடி வாசித்தார். முன்பெல்லாம் ஒரே மூச்சில் அவர் கொட்டும் பிருகாக்களுக்காக, அந்த அதிவேகச் சுர அடுக்குகளுக்காக, காத்திருந்தவர்கள் ஏமாந்தார்கள். அவரோ சிறிய பிடிகளாக வாசித்து, ஒவ்வொன்றின் முடிவிலும், வாயில் வைத்து ஊதும் சீவாளியை உதட்டிலிருந்து எடுத்துவிடுவார். அந்த இடைவெளியில் சுருதிக்காக ஊதும் ஒத்து மட்டும் தனியே ஒலித்துக்கொண்டிருக்கும். வாசிக்காமல் இருந்த ஒன்பது ஆண்டுகளையும் அந்த இடைவெளிகளில்தான் அவர் வைத்திருந்தார் என்பது எனக்குப் புரிய வெகு காலம் ஆயிற்று. திரும்பி வருகிறவன் விட்ட இடத்திலிருந்து தொடங்குவதில்லை. விட்டிருந்த காலத்தையும் சுமந்துகொண்டு வருகிறான். அதை இறக்கி வைத்துவிட்டு வா என்று சொல்ல நாம் யார்?

நீங்கள் குறை சொன்ன ஆல்பம், 2020இல் மறைந்த இருவருக்கு, பாடகி ரேச்சல் காஸ்வெல்லின் தாய்க்கும் டிரம்மர் சைமன் ஸ்காட்டின் தந்தைக்கும், அர்ப்பணிக்கப்பட்டது. குரல் ஏன் தணிந்தது என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம். இருபது வயதில் பாடிய துயரமும் ஐம்பது வயதில் பாடும் துயரமும் ஒரே உரப்பில் ஒலிக்க வேண்டுமா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். அன்றைய திருவிழாக் கூட்டத்தில் “கிழவருக்கு மூச்சு போய்விட்டது” என்று முதலில் சொன்னவன் நான்தான். அப்போது எனக்கு வயது பதினேழு. உங்கள் வயதை நீங்கள் எழுதவில்லை.