பிரியஸில் ஈ.வி. சுவிட்ச்: பொருத்தலாம், ஆனால் பெட்ரோல் மிச்சத்துக்காக வேண்டாம்

ஒரு வாசகரின் கேள்வி: அவரிடம் 2007 மாடல் டொயோட்டா பிரியஸ் இருக்கிறது. வட அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த வண்டி. அதே காரின் ஜப்பான், ஐரோப்பிய மாடல்களில் டேஷ்போர்டில் ஈ.வி. என்று ஒரு பட்டன் இருக்கிறது, அதை அழுத்தினால் இன்ஜின் ஓடாமல் மோட்டாரில் மட்டும் வண்டி போகிறது, இவருடையதில் அது இல்லை. தனியாகப் பொருத்த முடியுமா, பெட்ரோல் மிச்சமாகுமா, பேட்டரிக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்கிறார்.

பொருத்த முடியும். வேலையும் அப்படியொன்றும் பெரிதில்லை, ஏனென்றால் இரண்டாம் தலைமுறை பிரியஸில் (சுமாராக 2004 முதல் 2009 வரையிலான மாடல்கள்) இதற்கான புரோகிராம், இன்ஜினையும் மோட்டாரையும் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஹைப்ரிட் ஈ.சி.யூவுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. வட அமெரிக்க வண்டிகளில் பட்டனையும் அதற்குப் போகும் ஒயரையும்தான் விட்டுவிட்டார்கள். நீங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கப் போவதில்லை, விட்டுப்போன ஒயரைத் திரும்பப் போடுகிறீர்கள், அவ்வளவுதான். ஆனால் பெட்ரோல் விஷயத்தில் உங்கள் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும், அதனால் ஒயரிங்குக்குப் போகும் முன் அதைப் பேசிவிடுவோம்.

இந்தக் காரின் மோட்டாரை ஓட்டும் பெரிய பேட்டரியில் இருப்பது 28 நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு மாட்யூல்கள், மொத்தம் 201.6 வோல்ட், 6.5 ஆம்பியர் மணி. பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 1.3 யூனிட் மின்சாரம். அதையும் முழுதாக எடுக்க ஈ.சி.யூ விடாது. பேட்டரி பல வருஷம் உழைக்க வேண்டும் என்பதற்காக 40 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் நடுவில்தான் வைத்திருக்கும், சாதாரணமாக 60 சதவீதத்தைச் சுற்றியே நிற்கும். ஈ.வி. மோடில் போகும்போது அந்த 60லிருந்து நாற்பத்தைந்து பக்கம் இறங்கும் வரை கிடைப்பது 0.2 யூனிட் அளவு. சமதளத்தில், மெதுவாக, ஏ.சி. போடாமல் போனால் ஒன்று அல்லது இரண்டு கிலோமீட்டர். மேடு வந்தால் அதுவும் இல்லை. பட்டனோடு வந்த மூன்றாம் தலைமுறை பிரியஸுக்கே டொயோட்டா தன் கையேட்டில் சில நூறு மீட்டரிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் வரை என்றுதான் சொல்கிறது.

அந்த 0.2 யூனிட் எங்கிருந்து வந்தது? சார்ஜரில் செருகும் வசதி இந்தக் காரில் கிடையாது, ஆகவே பேட்டரியில் இருக்கும் ஒவ்வொரு துளி மின்சாரமும் ஒன்று பெட்ரோல் எரித்து ஜெனரேட்டர் சுற்றி வந்தது, இல்லையென்றால் பிரேக் பிடிக்கும்போது திரும்பக் கிடைத்தது, அந்த வேகமும் முதலில் பெட்ரோல் கொடுத்ததுதான். இன்ஜினின் சக்தியை மின்சாரமாக்கி, பேட்டரியில் ஏற்றி, மறுபடி எடுத்து, மோட்டாரில் சுழற்சியாக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் சூடாகப் போய்விடும். இன்ஜினிலிருந்து நேராகச் சக்கரத்துக்குப் போயிருந்தால் அந்த இழப்பு இல்லை. எப்போது இன்ஜினை நிறுத்துவது லாபம், எப்போது ஓட விடுவது லாபம் என்று ஈ.சி.யூ நொடிக்கு நொடி கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது, இன்ஜின் சூடாகிவிட்டால் மணிக்கு 67 கிலோமீட்டர் பக்கம் வரை அதுவே இன்ஜினை அணைத்துவிட்டு மோட்டாரில் ஓட்டுகிறது. அந்தக் கணக்கைத் தினமும் பட்டன் போட்டு நாம் மாற்றினால் மைலேஜ் கூடுவதை விடக் குறைவதற்கே வாய்ப்பு அதிகம்.

அப்படியானால் பட்டன் எதற்கு? ஒரே ஒரு இடத்தில் அது உண்மையாகவே நல்ல பொருள், அதற்காகவே நான் பொருத்தச் சொல்வேன். குளிர்ந்து கிடக்கும் வண்டியை ஷெட்டிலிருந்து எடுத்து வாசலில் நிறுத்த வேண்டும், அல்லது பின்னால் நிற்கும் வண்டிக்கு வழி விட இருபது மீட்டர் நகர்த்த வேண்டும். பட்டன் இல்லாத பிரியஸில் பவர் பட்டனை அழுத்தி ரெடி விளக்கு வந்த சில வினாடிகளில் இன்ஜின் தானாகக் கிளம்பிவிடும், நீங்கள் வேண்டாம் என்றாலும் கேட்காது. கிளம்பியதும் அதன் முதல் வேலை வண்டியை இழுப்பது இல்லை, புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்குவது. அதற்காக இக்னிஷனை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பின்தள்ளி, கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் வரை பெட்ரோலை வெப்பமாகவே வெளியே அனுப்பும். நீங்கள் இருபது மீட்டர் நகர்த்தி அணைத்துவிட்டால் அந்தப் பெட்ரோல் முழுக்க வீண், அதோடு பாதி சூட்டில் நின்றுபோன இன்ஜினில் ஈரம் ஆயிலிலும் சைலன்ஸரிலும் தங்கும், அணைத்த கொஞ்ச நேரத்தில் மறுபடி எடுத்தால் இதெல்லாம் திரும்ப நடக்கும். இந்த மாதிரிச் சின்ன நகர்த்தல்களுக்கு ஈ.வி. மோடு அருமையானது. சத்தமில்லாமல், புகையில்லாமல், மூடிய ஷெட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு பயம் இல்லாமல் வண்டி நகரும். ராத்திரி ஒரு மணிக்கு வீட்டில் தூங்குபவர்களை எழுப்பாமல் வந்து சேரவும் உதவும்.

இன்னொரு பயன் பயணத்தின் கடைசியில். வீட்டுக்கு இன்னும் ஐந்நூறு மீட்டர்தான், திரையில் பேட்டரி ஆறேழு கட்டம் காட்டுகிறது என்றால் அப்போது ஈ.வி. போட்டுப் போகலாம். அடுத்த முறை எடுக்கும்போது இன்ஜின் எப்படியும் சூடாவதற்காகக் கொஞ்ச தூரம் ஓடியே தீரும், அந்த நேரத்தில் பேட்டரியைக் கொஞ்சம் ஏற்றவும் அதற்கு ஒரு வேலை கிடைக்கும். ஆனால் அடிமட்டம் வரை இறக்கி நிறுத்தாதீர்கள். முதல் ஒரு நிமிஷம் கன்வெர்ட்டர் சூடாகும்போது வண்டியை இழுப்பது பெரும்பாலும் பேட்டரிதான், அதில் சரக்கு இல்லையென்றால் குளிர்ந்த இன்ஜின் மேல் அந்தச் சுமை விழும். வாரக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் பேட்டரி நல்ல நிலையில் இருக்கும்படி விட்டுப் போங்கள், இந்த வகை பேட்டரி சும்மா இருந்தாலும் தானாக இறங்கும்.

பயணத்தின் ஆரம்பத்தில் மட்டும் போடவே போடாதீர்கள். நிறையப் பேர் அப்படித்தான் பயன்படுத்துகிறார்கள். காலையில் எடுத்ததும் ஈ.வி. போட்டு ஒரு கிலோமீட்டர் போய், மெயின் ரோட்டில் ஏறும்போது பேட்டரி தீர்ந்து இன்ஜின் கிளம்பும். சூடாகும் வேலையை நீங்கள் தவிர்க்கவில்லை, தள்ளித்தான் போட்டிருக்கிறீர்கள். இப்போது அது சூடாகவும் வேண்டும், வேகமும் எடுக்க வேண்டும், காலியான பேட்டரியையும் நிரப்ப வேண்டும்.

சரி, இனி வேலை. முதலில் பேட்டரியைப் பாருங்கள், ஒயரை அப்புறம் பார்க்கலாம். உங்கள் வண்டிக்கு வயது ஆகிவிட்டது. பழுது பார்க்கும் கருவியை மாட்டும் ஓ.பி.டி. போர்ட்டில் ஸ்கேனர் மாட்டி 14 பிளாக்குகளின் வோல்ட்டேஜையும் (ஒவ்வொரு பிளாக்கும் இரண்டு மாட்யூல்) வண்டி நிற்கும்போதும், பிரேக்கை அழுத்திக்கொண்டு லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போதும் ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாம் சேர்ந்து ஏறி இறங்கினால் நல்லது. ஒன்று மட்டும் மற்றவற்றை விட்டுத் தனியாகக் கீழே விழுந்தால், அல்லது பி0ஏ80 என்ற பேட்டரிப் பழுதுக் குறியீடு ஏற்கெனவே வந்திருந்தால், சுவிட்சை மறந்துவிட்டு பேட்டரியைக் கவனியுங்கள், அந்த நிலையில் ஈ.வி. மோடு பலவீனமான மாட்யூலைத்தான் முதலில் அடிக்கும். பின்சீட் பக்கத்தில் இருக்கும் காற்றுத் துவாரம் அடைபடாமல் இருக்கிறதா, உள்ளே இருக்கும் ஃபேனில் தூசி அப்பியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இந்த பேட்டரியை அதிகம் கெடுப்பது சூடு.

பேட்டரி சரியாக இருந்தால், பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான், தனியாக இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்ற வேண்டும். அந்த பேட்டரி பின்னால் இருக்கிறது, பின்கதவின் பூட்டோ மின்சாரத்தில் திறப்பது, கழற்றிவிட்டுக் கதவைச் சாத்தினால் பட்டனை அழுத்தித் திறக்க முடியாது. அப்படி ஆகிவிட்டால் பயப்படாதீர்கள், பானட்டுக்குள் ஃபியூஸ் பாக்ஸில் ஜம்ப் ஸ்டார்ட் டெர்மினல் இருக்கிறது, அங்கே 12 வோல்ட் கொடுத்தால் கதவு திறக்கும். டெர்மினலைக் கழற்றிய பிறகு குறைந்தது 90 வினாடி காத்திருங்கள், ஏனென்றால் நீங்கள் கை வைக்கப் போகும் இடத்துக்குப் பக்கத்தில் ஏர்பேக் இருக்கிறது. மஞ்சள் கனெக்டர்களைத் தொடாதீர்கள். ஆரஞ்சு நிறக் கேபிள்கள் 200 வோல்ட்டுக்கு மேல் போகும் லைன், இந்த வேலைக்கு அவற்றின் பக்கமே போகத் தேவையில்லை, யாராவது தேவை என்று சொன்னால் அவர் வேறு ஏதோ வேலையைச் சொல்கிறார்.

ஹைப்ரிட் ஈ.சி.யூ கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. அதன் கனெக்டர்களில் ஒன்றில் ஈ.வி. சுவிட்சுக்கான துளை காலியாக இருக்கும். எந்தக் கனெக்டர், எத்தனையாவது பின் என்பதை உங்கள் ஆண்டு மாடலின் ஒயரிங் வரைபடத்தில் பார்த்து உறுதி செய்யுங்கள், யாரோ சொன்ன எண்ணை நம்பி இறங்க வேண்டாம். கனெக்டரை ஒயர் பக்கத்திலிருந்து பார்த்து எண்ணுவதற்கும் முகப்பிலிருந்து பார்த்து எண்ணுவதற்கும் வரிசை இடவலமாக மாறும், இந்த வேலையில் நடக்கும் தப்புகளில் பாதி அங்கேதான். அந்தத் துளைக்குப் பொருந்தும் டெர்மினலோடு ரிப்பேர் ஒயர் தனியாகக் கிடைக்கும், அதை வாங்கிச் செருகுங்கள். ஓட்டை போட்டு ஊசி குத்துவது, பக்கத்து ஒயரைச் சுரண்டி முறுக்குவது எல்லாம் வேண்டாம்.

அந்த ஒயரின் மறுமுனை ஒரு பெல் சுவிட்ச் வகை பட்டனுக்கு, பட்டனின் இன்னொரு கால் பாடி எர்த்துக்கு. அவ்வளவுதான் சர்க்யூட். அழுத்தும்போது மட்டும் சேர்ந்து, விட்டதும் பிரியும் வகையாக இருக்க வேண்டும், போட்டால் போட்டபடி நிற்கும் டாகிள் சுவிட்ச் கூடாது. கரண்ட் மிகக் குறைவு என்பதால் மெல்லிய ஒயர் போதும், ரிலே தேவையில்லை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அந்தப் பின்னுக்கு எர்த்தைத்தான் காட்ட வேண்டும், 12 வோல்ட்டைக் காட்டக் கூடாது. பட்டனில் விளக்கு எரிய வேண்டும் என்று ஆசைப்பட்டு லைட் வைத்த பட்டனை வாங்கி, அதன் பாசிட்டிவ் காலையும் இந்த ஒயரையும் மாற்றிக் கொடுத்தால் ஈ.சி.யூ போக வாய்ப்பு இருக்கிறது, அதனால் விளக்கில்லாத பட்டனே நல்லது. டேஷ்போர்டில் ஓட்டை போட விருப்பமில்லாதவர்களுக்காக, க்ரூஸ் கன்ட்ரோல் தண்டையே ஈ.வி. பட்டனாகவும் பயன்படுத்த வைக்கும் கிட்டுகளும் வந்தன. அவை இன்னும் கொஞ்சம் சிக்கலானவை.

பொருத்தி முடித்ததும் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி ரெடி நிலைக்குக் கொண்டுவந்து, இன்ஜின் கிளம்புவதற்குள் பட்டனை அழுத்துங்கள். டேஷில் ஈ.வி. விளக்கு எரிந்தால் வேலை முடிந்தது. எரியாமல் பீப் சத்தம் மட்டும் வந்தால் ஒயரிங் தப்பு என்று உடனே கழற்றிவிடாதீர்கள், பீப் வருகிறது என்றால் உங்கள் கட்டளை ஈ.சி.யூவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, அது மறுக்கிறது. பேட்டரி இறங்கியிருக்கலாம், பேட்டரி அதிகச் சூடாகவோ குளிராகவோ இருக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை ஆழமாக அழுத்தினாலும், வேகம் மணிக்கு 55 கிலோமீட்டரைத் தொட்டாலும் ஈ.வி. மோடு தானாக விலகி இன்ஜின் கிளம்பும், அது பழுதில்லை. மோட்டார் 50 கிலோவாட் என்று விளம்பரத்தில் படித்திருப்பீர்கள், ஆனால் இந்தச் சின்ன பேட்டரியால் தர முடிவது அதில் பாதிதான், அதனால் ஆக்ஸிலரேட்டரை இறகு போல மிதித்தால்தான் மோடு நிலைக்கும். பாதுகாப்பு எல்லைகள் எல்லாம் ஈ.சி.யூவுக்குள்ளேயே இருப்பதால், நல்ல பேட்டரியைப் பட்டன் கொன்றுவிடும் என்ற பயம் வேண்டாம், பட்டன் அனுமதிதான் கேட்கிறது. ஆனாலும் தினமும் 60லிருந்து நாற்பத்தைந்துக்கு இறக்கி ஏற்றுவது பேட்டரிக்குக் கூடுதல் உழைப்புதான், அதைக் காசு கொடுத்து மாற்ற வேண்டியவர் நீங்கள்.

வேறு ஹைப்ரிட் வைத்திருப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்பார்கள் என்பதால் சுருக்கமாக: எல்லா வண்டியிலும் இது நடக்காது. பிரியஸில் நடப்பதற்குக் காரணம் இன்ஜினையும் இரண்டு மோட்டார்களையும் இணைக்கும் பிளானட்டரி கியர். இன்ஜின் நின்றிருக்க, ஒரு மோட்டார் சக்கரத்தைச் சுற்ற, இன்னொன்று வெறுமனே எதிர்த்திசையில் சுழன்று கொடுக்கும். ஹோண்டாவின் பழைய ஐ.எம்.ஏ. வகை வண்டிகளில் மோட்டார் இன்ஜினின் கிராங்க் ஷாஃப்டோடு சேர்ந்தே இருக்கிறது, இன்ஜினைச் சுற்றாமல் மோட்டார் மட்டும் வண்டியை இழுக்க வழியே இல்லை, எந்த சுவிட்சாலும் அதை மாற்ற முடியாது. சின்ன மோட்டார் இன்ஜினுக்குக் கை கொடுக்க மட்டும் இருக்கும், மைல்டு ஹைப்ரிட் என்று விற்கும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கும் இதே பதில். மூன்றாம் தலைமுறை பிரியஸில் பட்டன் கம்பெனியிலிருந்தே வந்துவிட்டது.

இந்தப் பட்டனுக்கு உண்மையான மதிப்பு எப்போது வந்தது என்றால், 2004-இல் கலிஃபோர்னியாவில் கால்கார்ஸ் என்ற லாப நோக்கமில்லாத குழுவினர் பிரியஸில் கூடுதல் பேட்டரி வைத்து வீட்டுப் பிளக்கில் சார்ஜ் செய்ய ஆரம்பித்த பிறகுதான். அப்போது மின்சாரம் வெளியிலிருந்து வருகிறது, அதைத் தீர்க்கத் தீர்க்க லாபம், அதனால் பட்டனை அழுத்தியே ஓட்டலாம். உங்களுக்கு அந்தத் திட்டம் இல்லையென்றால் ஷெட்டில் நகர்த்தவும் கடைசி அரைக் கிலோமீட்டருக்கும் என்று வைத்துக்கொண்டு பொருத்துங்கள். பொருத்தியபின் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு வார்த்தை எழுதி வையுங்கள், வாரன்டி ஏதாவது மிச்சமிருந்தால் அதன் விதிகளை ஒயரைத் தொடும் முன்பே படித்துவிடுங்கள்.