பிரிந்த பிறகு வந்த கடன் கடிதம்

கேள்வி: நானும் கணவரும் 2014-ல் பிரிந்தோம். பிள்ளைகள் இருவரும் என்னோடுதான். திரும்பச் சேர்ந்துவிடுவோம் என்ற நம்பிக்கையில் ஏழு மாதம் யாருக்கும் சொல்லவில்லை. அதுவரை டாக்ஸ் கிரெடிட் (குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு தந்த உதவித்தொகை) பணம் எங்கள் கூட்டுக் கணக்குக்கே போனது, கார்டு அவர் கையில். அப்புறம்தான் தனியாக விண்ணப்பித்து வாங்கினேன். இப்போது அதற்குப் பதிலாக வந்த யூனிவர்சல் கிரெடிட்டில் இருக்கிறேன். அந்த ஏழு மாதப் பணத்தைத் திருப்பித் தரவேண்டும், மாதாமாதம் பிடிப்போம் என்று கடிதம் வந்திருக்கிறது. அவர் போனையே எடுப்பதில்லை. முழுவதையும் நானே கட்ட வேண்டுமா?
- பெயர் வேண்டாம், லண்டன்

பதில்: முழுவதையும் கட்ட ஒப்புக்கொள்ளாதீர்கள், இப்போதைக்கு.

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். பிரிந்ததுமே கூட்டு விண்ணப்பம் முடிந்துவிடும், அதற்குப் பிறகு வந்ததெல்லாம் கூடுதலாகப் போன பணம்தான். 2002-ம் ஆண்டு டாக்ஸ் கிரெடிட் சட்டப்படி, கூட்டு விண்ணப்பத்தில் கூடுதலாகப் போன பணத்துக்கு இருவருமே பொறுப்பு, யார் செலவழித்தார்கள் என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. அதனால் "அவர்தான் எடுத்தார்" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு போனில் மணிக்கணக்காகப் போராடினால் நீங்கள்தான் களைத்துப்போவீர்கள், உங்கள் பக்கம் முழு நியாயம் இருந்தாலும். ஆனால் பிரிந்த தம்பதியிடம் ஆளுக்குப் பாதி கேட்பதுதான் வரித்துறையான ஹெச்எம்ஆர்சியின் வழக்கம். கடிதத்தில் இருப்பது பாதியா, முழுசா என்று பாருங்கள். முழுசு என்றால் பாதியாகப் பிரிக்கச் சொல்லி எழுதுங்கள். முன்னாள் கணவரைத் தேடிப்பிடிப்பது அவர்கள் வேலை, உங்களுடையது அல்ல.

இனிதான் முக்கியமான விஷயம், பலருக்கும் இதை யாரும் சொல்வதே இல்லை. அந்த ஏழு மாதமும் நீங்கள் தனித்தாயாக விண்ணப்பித்திருந்தால் உங்களுக்கும் ஒரு தொகை வந்திருக்கும் அல்லவா? உங்கள் ஒருவருடைய வருமானத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், அது கூட்டாக வந்த பணத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாகவோ சில சமயம் அதிகமாகவோகூட இருந்திருக்கலாம். அந்தத் தொகையைக் கடனிலிருந்து கழிக்கும் முறை 2010 ஜனவரியிலிருந்து இருக்கிறது. ஹெச்எம்ஆர்சியிடம் போனில் "நோஷனல் என்டைட்டில்மென்ட்" என்று இதே வார்த்தையைச் சொல்லிக் கேளுங்கள். தாமதத்துக்கான காரணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள், குடும்பம் ஒட்டிவிடும் என்று காத்திருந்தது மோசடி இல்லை. கடனை வசூலிப்பது இப்போது யூனிவர்சல் கிரெடிட்டைத் தரும் அரசுத் துறையான டிடபிள்யூபி என்றாலும், தொகை எப்படி வந்தது என்ற கேள்வி ஹெச்எம்ஆர்சிக்குத்தான் போக வேண்டும். இரண்டு இடமும் மாறி மாறி உங்களை அனுப்பும், அசராதீர்கள்.

பழைய கடன்தானே, காலாவதி ஆகியிருக்காதா என்று யாராவது சொல்வார்கள். ஆறு வருடக் கெடு நீதிமன்ற வழக்குக்குத்தான், பெனிபிட்டில் பிடிப்பதை அது தடுக்காது.

பிடித்தம் பற்றி: 2025 ஏப்ரல் முதல் யூனிவர்சல் கிரெடிட்டின் அடிப்படைத் தொகையில் பொதுவாக 15 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது, முன்பு அது 25. அதுவே வீட்டுச் செலவைக் கடிக்கிறது என்றால், வரவு செலவுக் கணக்கை எழுதிக்கொண்டு டிடபிள்யூபியின் கடன் பிரிவில் பேசிக் குறைக்கச் சொல்லலாம். பணம் முழுக்க அவர் பிடியில் இருந்தது, கேட்டால் அடி, மிரட்டல் என்ற நிலை இருந்திருந்தால் அதையும் எழுதுங்கள், வெட்கப்பட இதில் எதுவும் இல்லை.

இப்போதுதான் பிரிந்து நிற்கும் மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. வாடகை கட்ட முடியாமல் ஒரே வீட்டில் இருந்தாலும், படுக்கை, சமையல், பணம் எல்லாம் தனித்தனி என்றால் தனிக் குடும்பமாக ஏற்கப்பட வாய்ப்புண்டு. பிரிந்த அன்றே யூனிவர்சல் கிரெடிட் ஜர்னலில் (உங்கள் ஆன்லைன் கணக்கில் தகவல் எழுதும் பக்கம்) போட்டுவிடுங்கள். மனம் மாறிச் சேர்ந்தால் மறுபடி கூட்டாக விண்ணப்பித்துக்கொள்ளலாம்.

சகோதரி, அந்தக் கடிதத்தையும், அப்போது எவ்வளவு டாக்ஸ் கிரெடிட் என்று சொல்லி வந்த பழைய அவார்டு நோட்டீஸ் ஏதாவது கிடைத்தால் அதையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை மையத்துக்குப் போங்கள், இலவசம்தான். ஆங்கிலம் தடுமாறினால் கூச்சப்படாமல் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.