மக்கும் ஃபிலிம், மஞ்சள், மீன்: உங்கள் கேள்விகள்

உணவு பொதியும் மக்கும் ஃபிலிம் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். 17 கேள்விகள் வந்தன. அதில் 6 பேர் கேட்டது ஒரே கேள்வி.

ஆத்தூர் அம்மா ஒருவர்: பையனுடைய பள்ளிக் கண்காட்சிக்கு மரவள்ளி மாவில் ஃபிலிம் செய்ய முடியுமா?

தாராளமாக. ஜவ்வரிசி ஊரில் மாவுக்கா பஞ்சம்? 100 மில்லி தண்ணீருக்கு 5 கிராம் மாவு, ஒன்றரை கிராம் கிளிசரின். கிளறிக்கொண்டே சூடாக்குங்கள். 70 டிகிரி வாக்கில் பால்நிறம் போய்க் கண்ணாடிபோல் கஞ்சி தெளியும். குமிழி அடங்கியதும் தட்டில் மெலிதாக ஊற்றி, நிழலில் ஒன்றிரண்டு நாள் காயவிடுங்கள். தட்டு சாய்ந்திருந்தால் ஒரு ஓரம் அப்பளம், மறு ஓரம் வெங்காயத் தோல். கிளிசரின் குறைந்தால் ஒடியும், கூடினால் மழைநாளில் கையில் ஒட்டும்.

மருந்துக் கடையில் 'ஐ.பி.' (இந்திய மருந்துத் தரம்) என்று போட்ட கிளிசரின் மட்டும் வாங்குங்கள். டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு கலந்த கிளிசரின் மருந்தில் சேர்ந்து 1996-ல் ஹைதியிலும் 2006-ல் பனாமாவிலும் உயிர்கள் போயின.

கோவை மாணவர்: கிராம்பு எண்ணெய் விட்டால் பூஞ்சை வராதாமே, எத்தனை சொட்டு சார்?

சொட்டுக் கணக்கு வேண்டாம் தம்பி. எண்ணெயும் கஞ்சியும் சேராது. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் லெசித்தின் போட்டு நன்றாக அடிக்காவிட்டால் திட்டுத் திட்டாக நிற்கும். கஞ்சி சூடு தணிந்த பிறகு விடுங்கள், இல்லையென்றால் மணமெல்லாம் காற்றோடு போய்விடும். கிராம்பில் இருக்கும் யூஜெனால் பூஞ்சையைத் தடுப்பது உண்மைதான். ஆனால் தடுக்கும் அளவுக்குப் போட்டால் அதில் பொதிந்த ரொட்டியில் பல்வலி மருந்து வாசம் வருகிறது. ஆய்வகத் தட்டில் ஃபிலிம் துண்டைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் அழகாக விழும். அந்த ரொட்டியைத் தின்று பார்த்தவர்கள் குறைவு.

மதுரை: 'மக்கும்' என்று போட்ட கவரைத் தோட்டத்தில் புதைத்தேன். ஒரு வருடமாக அப்படியே கிடக்கிறதே?

அது பி.எல்.ஏ. (தாவரச் சர்க்கரையிலிருந்து செய்யும் பிளாஸ்டிக்) ஆக இருந்தால், 58 டிகிரி வாக்கில் சூடு நிற்கும் உரக்கூடம் வேண்டும். உங்கள் தோட்டத்து மண்ணுக்கு அந்தச் சூடு ஏது? உலோக உப்பு கலந்த 'ஆக்ஸோ' ரகமாக இருந்தால் இன்னும் மோசம். மக்காது, பொடிப்பொடியாக உதிரும். வாங்கும் முன் மக்கும் பிளாஸ்டிக்குக்கான தரக்குறி ஐ.எஸ். 17088 இருக்கிறதா, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்று எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

திருச்சி, வேலூர், இன்னும் மூவர்: கவர் மக்கவில்லை.

மதுரைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நாகப்பட்டினம், மீன் வியாபாரி: மஞ்சள் சேர்த்த ஃபிலிம் மீன் கெட்டதைக் காட்டும் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். ஆரத்தி கரைத்திருப்பீர்கள்: மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்ததும் சிவக்கும். சுண்ணாம்பு மாதிரி காரப்பொருள் பட்டால் மஞ்சளில் உள்ள குர்குமின் நிறம் மாறும், அவ்வளவுதான் விஷயம். மீன் கெடும்போது கிருமிகள் அமோனியா, ட்ரைமெத்திலமைன் என்று காரத்தன்மை உள்ள ஆவிகளை வெளிவிடும். அந்த ஆவி பட்டால் மஞ்சள் படலம் செம்பழுப்பாகும். நாங்கள் சங்கராவை டப்பாவில் அடைத்து மேலே ஒரு துண்டு ஒட்டிப் பார்த்தோம். முதலில் சொன்னது எங்கள் மூக்கு. ஃபிலிம் பிறகுதான் சொன்னது. மூடிய பொட்டலத்தை மோந்து பார்க்க முடியாது என்பதால்தான் இதற்கு மதிப்பு.

தூத்துக்குடி: ஃபார்மலின் போட்ட மீன் என்றால்?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். கிருமி இல்லையென்றால் அமோனியா வராது, ஃபிலிம் மஞ்சளாகவே இருக்கும்.

தூத்துக்குடி: அப்போது இது ஏமாற்றுக்கார வியாபாரிக்கு நற்சான்றிதழ்!

நாகப்பட்டினம்: எங்களை எல்லாம் ஃபார்மலின் ஆளாக்காதீர்கள். நான் ஐஸ் தவிர ஒன்றும் போடுவதில்லை.

இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் உண்டு. 2018-ல் கேரளாவில் ஃபார்மலின் மீன் பிடிபட்ட பிறகு இந்தச் சந்தேகம் வருவது இயல்பு. ஆனால் இந்த ஃபிலிம் சொல்வது ஒன்றே ஒன்று: கிருமி வேலை செய்திருக்கிறதா, இல்லையா. மருந்து போட்டிருக்கிறதா என்பது வேறு கேள்வி, அதற்கு வேறு சோதனை. பாக்கெட்டில் 'புதிய மீன்' என்று அச்சடித்து இதை ஒட்டுபவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

தஞ்சாவூர்: வாழை இலை இருக்க இதெல்லாம் எதற்கு?

இட்லிக்கு இலையே போதும். ஒரு மாதம் கடையில் கிடக்கும் முறுக்குக்கு இலை போதாது. வெறும் மாவு ஃபிலிமும் போதாது. எண்ணெயைத் தடுக்கும், ஈரத்தை விட்டுவிடும், முறுக்கு நமுத்துப்போகும்.

ஈரோடு: ஃபேன்சி கடையில் லேபிள் இல்லாத கிளிசரின் மலிவாகக் கிடைக்கிறது.

வேண்டாம். ஆத்தூர் அம்மாவுக்குச் சொன்னதுதான்.

நாகப்பட்டினம்: அடுத்த வாரம் ஐஸ் பெட்டியில் வைத்துப் பார்க்கிறேன் சார்.

பாருங்கள். மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். ஐஸ் தண்ணீர் பட்டால் திரும்பக் கஞ்சியாகிவிடும்.